தாம்பரத்துக்குக் குடிவரலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரத்தில் வாழத் தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளையைக் கல்லூரியில் சேர்க்க வருகிறவர்கள், சென்னைக்குள் வாடகை கொடுத்து மாளாமல் வெளியே வர நினைப்பவர்கள், ஓய்வுபெற்ற பின் சொந்தமாக ஒரு வீடு தேடுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாக் கேள்விகளுக்கும் ஒரே அளவில் பதில் இல்லை. எதை விளக்கமாகச் சொல்லாவிட்டால் பின்னால் வருந்துவீர்களோ, அதை நீட்டிச் சொல்லியிருக்கிறேன்.

தாம்பரம் சென்னைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா?

வெளியே. 2021 நவம்பரில் தாம்பரம் தனி மாநகராட்சி ஆகிவிட்டது. மாவட்டம் செங்கல்பட்டு. 2022 ஜனவரி முதல் காவல் ஆணையரகமும் தனி. ஆனாலும் இங்கிருந்து மின்சார ரயிலில் ஏறுகிறவர்கள் "சென்னைக்குப் போகிறேன்" என்று சொல்வதில்லை. "கோட்டைக்குப் போகிறேன்", "எழும்பூருக்குப் போகிறேன்" என்றுதான் சொல்கிறார்கள். காகிதத்தில் பிரிந்தாலும் பேச்சில் பிரியவில்லை.

மாநகராட்சியில் எந்தெந்த ஊர்கள் அடக்கம்?

தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாக்கப்பட்டன. மொத்தம் 70 வார்டுகள். 2022 தேர்தலுக்குப் பிறகு முதல் மேயராகப் பொறுப்பேற்ற வசந்தகுமாரி கமலகண்ணன் அப்போது இருபத்தைந்து வயதுப் பெண்.

இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. "தாம்பரத்தில் வீடு" என்று விளம்பரத்தில் படிப்பீர்கள். நேரில் போனால் அது அடையாற்றங்கரையில் அனகாபுத்தூராக இருக்கும், அல்லது மாநகராட்சி எல்லைக்கே வெளியே ஏதோ ஒரு ஊராட்சியாக இருக்கும். எந்த உள்ளாட்சிக்குச் சொத்து வரி கட்டுவீர்கள் என்று முதலிலேயே கேளுங்கள். குப்பை வண்டி வருவதும் தெருவிளக்கு எரிவதும் அதைப் பொறுத்ததுதான்.

இவ்வளவு வேகமாக வளர என்ன காரணம்?

ரயில்தான் முதல் காரணம். 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மீட்டர்கேஜ் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவின் முதல் மின்சார ரயில் தடம் அது. ஏறத்தாழ 29 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடலாம் என்றானதும், நகரத்தில் வேலை, தாம்பரத்தில் வீடு என்ற வாழ்க்கை பிறந்தது. அந்த மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004 வரை ஓடியது. குறுகலான பெட்டிகளில் எதிரெதிரே முழங்கால் இடிக்க உட்கார்ந்து வந்த நாள்கள் எனக்கு இன்னும் நினைவிருக்கின்றன.

மின்சார ரயில் வருவதற்குச் சற்று முன்பே, 1928-இல், மருத்துவர் சௌரி முத்து இங்கே காசநோயாளிகளுக்காகச் சானடோரியம் கட்டினார். நல்ல காற்று வேண்டும் என்பதற்காகத் தேர்ந்த இடம் இது. 1937-இல் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுன் நெரிசலை விட்டு 365 ஏக்கர் காட்டுக்குள் குடிபுகுந்தது. அதன்பின் விமானப் படைத்தளம், 1984-இல் ஏற்றுமதி வளாகம், பிறகு மறைமலை நகர், ஒரகடம் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் என்று ஒவ்வொன்றாக வந்தன. 2001-இல் 1,37,933 பேர் இருந்த தாம்பரம் நகராட்சியில் 2011 கணக்கெடுப்பில் 1,74,787 பேர். பல்லாவரம் நகராட்சி அதே பத்தாண்டில் 1,44,623-இலிருந்து 2,15,417-க்குத் தாவியது. அதற்குப் பிறகு எழுந்த அடுக்குமாடிகளைப் பார்த்தாலே மீதிக் கதை புரியும்.

கிழக்குத் தாம்பரமா, மேற்குத் தாம்பரமா?

ரயில் பாதை ஊரை இரண்டாக வகிர்ந்து நிற்கிறது. மேற்கே சண்முகம் சாலையும் கடைத்தெருவும் முடிச்சூர் சாலையும். கிழக்கே வேளச்சேரி சாலை, சேலையூர், கேம்ப் ரோடு, கல்லூரி, விமானப் படைத்தளம். காய்கறி, துணிமணி, பாத்திரம் என்று நடந்தே வாங்க விரும்புகிறவர்களுக்கு மேற்கு. மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் பக்கம் கணினி நிறுவனத்துக்குப் போகிறவர்களுக்குக் கிழக்கு. கணவன் ஒரு பக்கமும் மனைவி மறுபக்கமும் வேலைக்குப் போகிறவர்களானால், நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் சிறிய வீடு போதும். இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெரிய வீடு எடுத்து, இருவரும் தினமும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்து நிற்பதைவிட அது மேல்.

தினமும் சென்னைக்குப் போய் வர முடியுமா?

முடியும். இலட்சக்கணக்கானோர் போய் வருகிறார்கள். தாம்பரத்திலேயே புறப்படும் ரயில்கள் உண்டு என்பது பெரிய சௌகரியம்: காலையில் ஐந்து நிமிடம் முன்னதாகப் போனால் உட்கார இடம் கிடைக்கும். செங்கல்பட்டிலிருந்து வரும் ரயிலில் ஏறினால் நின்றுகொண்டுதான். விமான நிலையத்துக்குத் திரிசூலத்தில் இறங்கி எதிர்ப்பக்கம் நடந்தால் போதும். மெட்ரோவுக்குப் பரங்கிமலையில் மாறிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் இந்தத் தடத்தில் குளிர்சாதன மின்சார ரயிலும் ஓடுகிறது. சாதாரண ரயிலைவிடக் கட்டணம் அதிகம்.

சாலை வழி என்றால் பெருங்களத்தூர் முதல் பல்லாவரம் வரை ஜிஎஸ்டி சாலையில் (சென்னையிலிருந்து தெற்கே போகும் நெடுஞ்சாலை) சிக்கிக்கொள்வீர்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன் வரும் இரண்டு இரவுகளில் தென்மாவட்டங்களுக்குப் போகும் வண்டிகள் எல்லாம் இந்த ஒரே சாலையில்தான் நகர்கின்றன. அந்த நாள்களில் வீட்டை விட்டுக் காரை எடுக்காதீர்கள்.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு நிலைமை எப்படி?

வண்டலூரை அடுத்துள்ள இந்த முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. கோயம்பேட்டிலிருந்து புறப்பட்ட தென்மாவட்டப் பேருந்துகள் இப்போது அங்கிருந்து கிளம்புகின்றன. தாம்பரத்துக்காரர்களுக்கு இது பெரிய வரம். முன்பெல்லாம் மதுரைக்குப் பஸ் பிடிக்க மூட்டை முடிச்சுகளுடன் பெருங்களத்தூர் சாலையோரம் நள்ளிரவில் கையைக் காட்டிக்கொண்டு நிற்போம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை மெட்ரோவை நீட்டும் திட்டமும் இருக்கிறது. நீளம் சுமார் 15 கிலோமீட்டர். "மெட்ரோ வரப்போகிறது" என்று சொல்லி இப்போதே விலையை ஏற்றுகிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

மழைக்காலத்தில் வெள்ளம் வருமா?

இந்தப் பக்கத்தை நான் எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான்.

2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. அங்கே வாடகைக்கு இருந்த என் நண்பரின் குடும்பம் இரண்டு நாள் மொட்டை மாடியில் கழித்துப் படகில் வெளியே வந்தது. தண்ணீர் வடிந்த பிறகு வீட்டைக் கழுவ நாங்கள் போனோம். சுவரில் மின்விசிறி சுவிட்சுக்கு மேலே ஒரு முழம் உயரத்தில், ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போலப் பழுப்புக் கறை. அரிசி டிரம்மைத் திறந்தபோது வந்த வாடையை என்னால் இன்றும் மறக்க முடியவில்லை. குளிர்சாதனப் பெட்டி சமையலறையிலிருந்து மிதந்துபோய்க் கூடத்தில் குப்புறக் கிடந்தது. அடுத்த வீட்டுப் பாட்டி, மகனின் கல்யாண ஆல்பத்தின் ஏடுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தார். பாதிப் படங்களில் முகங்கள் கரைந்துவிட்டிருந்தன.

ஏன் இப்படி? தாம்பரத்தைச் சுற்றி இருப்பவை ஏரிகள். தனித்தனி ஏரிகள் அல்ல; ஒன்று நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்ததற்குப் போகும் சங்கிலித் தொடர். கிழக்கே சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என்று இறங்கி, நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தண்ணீர் போகவேண்டும். மேற்கே ஆதனூர், மண்ணிவாக்கம், முடிச்சூர்ப் பக்கத்து நீரெல்லாம் அடையாற்றில் சேர்கிறது. அடையாறு பிறப்பதே இந்தப் பக்கத்து ஏரிகளில்தான். நெல் விளைந்த காலத்தில் மதகைத் திறந்து மூடும் நீர்க்கட்டி ஒருவர் ஊருக்கு ஊர் இருந்தார். வயல்கள் மனைகளாகிவிட்டன. நீர்க்கட்டிக்கு வேலை இல்லை. போக்குக் கால்வாய் இருந்த இடத்தில் தெரு இருக்கிறது. தண்ணீர் மட்டும் பழைய வழியை மறக்கவில்லை.

2015-க்குப் பிறகு அடையாற்றை அகலப்படுத்தினார்கள், மூடு கால்வாய்கள் கட்டினார்கள். சிட்லபாக்கத்தில் குடியிருப்போரே வாரந்தோறும் இறங்கிக் குப்பை அள்ளி, மனுமேல் மனு கொடுத்து ஏரியைக் காப்பாற்றப் போராடினார்கள்; அரசும் பிறகு நிதி ஒதுக்கித் தூர்வாரியது. செம்பாக்கம் ஏரியும் சீரமைக்கப்பட்டது. முன்னேற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பகுதியில், கட்டிய வீட்டை எந்தக் கால்வாயும் முழுதாகக் காப்பாற்றாது.

அப்படியானால் மனை வாங்கும்போது எதைப் பார்க்கவேண்டும்?

வில்லங்கச் சான்று, மூலப் பத்திரம், பட்டா, பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி ஆகியவற்றை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் கூடுதலாகச் செய்ய வேண்டியது: சர்வே எண்ணை வைத்துப் புல வரைபடமும் 'அ' பதிவேடும் (நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) எடுத்துப் பாருங்கள். மனையை ஒட்டி "வாய்க்கால்", "ஓடை", "ஏரி", "தாங்கல்" என்று ஏதாவது எழுதியிருந்தால், தரகர் என்ன சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். பிறகு அந்தத் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும் ஒரு பெட்டிக்கடைக்காரரையோ இஸ்திரி போடுகிறவரையோ தேடிப் பிடித்து, 2015-இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். முழங்கால், இடுப்பு என்று கையை வைத்துக் காட்டுவார்கள். அதைவிட நம்பகமான சான்று இல்லை.

சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் விமானப் படைத்தளத்தை ஒட்டி வாங்குவதானால், கட்டடம் கட்ட விமானப் படையின் தடையின்மைச் சான்று தேவைப்படுமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

குடிநீர்?

பகுதிக்குப் பகுதி மாறும். பாலாற்றுத் தண்ணீர் வெகுகாலமாக வருகிறது. ஆனால் தினமும் வரும் என்று நம்பித் தொட்டியைச் சிறிதாகக் கட்டாதீர்கள். ஆழ்துளைக் கிணற்று நீர் பல தெருக்களில் உப்பு. பம்மல், நாகல்கேணிப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகளாகக் கெடுத்திருக்கின்றன. அங்கே வீடு எடுப்பவர்கள் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். கோடையில் லாரித் தண்ணீர்ச் செலவை மாதக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மழையில் மூழ்கும் ஊரே மே மாதத்தில் குடத்தோடு நிற்பதைப் பார்க்க மனம் கொதிக்கிறது. ஏரிகளைத் தூர்வாரினால் இரண்டு துன்பமும் ஒருசேரக் குறையும்.

வேலைவாய்ப்பு எப்படி?

ஊருக்குள்ளேயே என்றால் சானடோரியம் நிலையத்துக்கு எதிரே உள்ள ஏற்றுமதி வளாகம். மெட்ராஸ் எக்ஸ்போர்ட் ப்ராசஸிங் ஸோன் என்பதன் சுருக்கமான எம்ஈபிஇசட் என்ற எழுத்துகளை ஒரே சொல்லாக்கி 'மெப்ஸ்' என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுமார் 260 ஏக்கர். 2003-இல் சிறப்புப் பொருளாதார மண்டலமானது. ஆயத்த ஆடை, மின்னணுப் பொருள்கள், மென்பொருள் என்று பலதும் உள்ளே இருக்கின்றன. ஷிப்ட் முடியும் நேரத்தில் வாசலில் நின்றால், கழுத்தில் அடையாள அட்டையோடு பெண்கள் அலை அலையாகச் சாலையைக் கடப்பதைப் பார்க்கலாம். தாம்பரத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு அந்தச் சம்பளத்தில்தான் எரிகிறது.

பெருங்களத்தூரில் முன்பு ஸ்டாண்டர்டு மோட்டார் கார்த் தொழிற்சாலை இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அந்த நிறுவனம் தயாரித்ததுதான். தொழிற்சாலை மூடப்பட்டு வெகுகாலம் கிடந்த அந்த நிலத்தில் இன்று கணினி நிறுவனங்களின் கோபுரங்கள் நிற்கின்றன. மற்றபடி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் தொழிற்சாலைகளுக்கு ஆள்களை ஏற்றிப்போகும் கம்பெனிப் பேருந்துகள் விடியற்காலையிலேயே முடிச்சூர் சாலையிலும் ஜிஎஸ்டி சாலையிலும் வரிசை கட்டிவிடும்.

படிப்புக்கு?

கிறித்தவக் கல்லூரியைச் சொல்லிவிட்டேன். குரோம்பேட்டையில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. எம்ஐடி என்றால்தான் ஆட்டோக்காரருக்குப் புரியும். 1949-இல் சி. ராஜம் தம் வீட்டை விற்று இதைத் தொடங்கினார். அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். குரோம்பேட்டை என்ற பெயரே குரோம் முறையில் தோல் பதனிட்ட பழைய தொழிற்சாலையிலிருந்து வந்தது. பள்ளிகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்கு அருகில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், பிள்ளைகள் வேனில் இரண்டு மணி நேரம் வாடவேண்டாம்.

மருத்துவ வசதி?

சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை, 1990-களில் எய்ட்ஸ் நோயாளிகளைத் தொடவே மற்றவர்கள் தயங்கியபோது அவர்களை ஏற்றுக்கொண்ட இடம். அதற்காகவே இந்த ஊர்க்காரன் என்று சொல்லிக்கொள்ள எனக்குப் பெருமை. அதன் பக்கத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம்; 2005-இல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். காலையில் ஏழு மணிக்கே புறநோயாளிகள் வரிசை நீண்டுவிடும். குரோம்பேட்டையில் அரசு மருத்துவமனை உண்டு. தனியார் மருத்துவமனைகள் ஜிஎஸ்டி சாலை நெடுகிலும் இருக்கின்றன.

விமானச் சத்தம் தொந்தரவாக இருக்குமா?

பம்மல், பொழிச்சலூர்ப் பக்கம் விமான நிலையத்தின் ஓசை உண்டு. சேலையூர்ப் பக்கம் விமானப் படையின் பயிற்சி விமானங்கள் பறக்கும். ஒரு மாதத்தில் காது பழகிவிடும். கைக்குழந்தை உள்ளவர்கள் மட்டும் ஒரு பகல் முழுக்க அந்த வீட்டில் இருந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பார்க்க என்ன இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது?

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை எல்லோரும் சொல்வார்கள். 1855-இல் நகருக்குள் தொடங்கி, 1985-இல் 602 ஹெக்டேர் காட்டுக்கு மாறிய பூங்கா அது. செவ்வாய்க்கிழமை விடுமுறை. குழந்தைகளோடு போனால் ஒரு நாள் போதாது.

எனக்குப் பிடித்தது திருநீர்மலை. 108 திவ்விய தேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மேலே ஏறினால் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்தவர் நடந்த கோலம். திருமங்கையாழ்வார் இங்கே வந்தபோது மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்ததாம். வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது தலவரலாறு. 2015-க்குப் பிறகு இந்தக் கதையை நான் வேறு காதால் கேட்கிறேன். இது தண்ணீரின் ஊர் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மாலையில் படியேறி உச்சியில் நின்றால், ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் ஓடுபாதையில் இறங்கும் விமானங்கள்.

மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கருவறையின் பின்புறத்தைச் சுற்றி வந்து பாருங்கள். யானை படுத்திருப்பது போல வளைந்திருக்கும். தூங்கானை மாடம் என்பார்கள். தூணில் உள்ள சரபேஸ்வரருக்கு ஞாயிறு மாலைகளில் கூட்டம்.

பல்லாவரத்தில் 1863 மே 30 அன்று இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் ஒரு சரளைக் குழியில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்ததற்கு முதல் சான்று அது. இத்தனை பெரிய செய்தி நடந்த ஊரில், அதை அறிந்தவர்கள் வெகு சிலரே. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் காட்ட ஒரு சிறு காட்சியகமாவது அங்கே அமைக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

பல்லாவரம் சந்தை இன்னும் நடக்கிறதா?

வெள்ளிக்கிழமை தோறும் பழைய பல்லாவரத்தில். செடி, புறா, பழைய தையல் எந்திரம், ஒற்றைக் கால் இல்லாத நாற்காலி, ரேடியோ வால்வு, கோழிக்குஞ்சு என்று எல்லாம் தரையில் விரித்திருக்கும். காலையில் போனால் நல்ல சரக்கு கிடைக்கும். பொழுது சாயப் போனால் விலை குறையும். நான் ஒரு முறை பித்தளைக் கூஜா ஒன்றைப் பேரம் பேசி வாங்கினேன். அடியில் யாரோ ஒருவரின் பெயரும் கல்யாணத் தேதியும் பொறித்திருந்தன. அதில்தான் வீட்டில் இப்போதும் தண்ணீர் வைக்கிறோம்.

ஊருக்கு எடுத்துப்போக என்ன வாங்கலாம்?

அனகாபுத்தூர் சேலை. ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியான கட்டம்போட்ட மதராஸ் துணி நெய்த தறிகள் அங்கே ஏராளம். அந்த வணிகம் நின்றபின் பலர் தறியை விட்டுவிட்டார்கள். எஞ்சிய நெசவாளர்கள் வாழைநார், கற்றாழைநார் கலந்து சேலை நெய்கிறார்கள். கடையில் வாங்குவதைவிடத் தறி வீட்டுக்கே போய் வாங்கினால் பணம் நெய்தவர் கைக்குப் போகும்.

வீடு பார்க்க எந்த மாதத்தில் வரலாம்?

தரகர்கள் சித்திரை, வைகாசியில் கூப்பிடுவார்கள். ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வாருங்கள். இரவெல்லாம் மழை பெய்து விட்ட மறுநாள் காலை, குடையும் ரப்பர்ச் செருப்புமாக வந்து, நிலையத்திலிருந்து அந்த வீட்டு வாசல்வரை நடந்தே போய்ப் பாருங்கள்.